‘வெல்’ வரிசையில் ஒரு பொய்ச்சொல்

இதுதான். இத்தனை அழகாக இருக்கிற ஒன்று உண்மையாக இருக்க வழியே இல்லை. அக்கா, மாட்டிக்கொண்டாய்.

மனதுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டே அவள் அகராதியின் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். ‘வெலெல்லா: நடுக்கடலில் மிதக்கும் நீல நிறக் கடலுயிர். உள்ளங்கைக்குள் அடங்குவது. முதுகில் கண்ணாடித் தாள் போன்ற பாய் உடையது. தானாகத் திசை மாற்றிக்கொள்ள இயலாது. காற்றின் போக்கில் செல்வது.’ படகுபோலப் பாய் கட்டிக்கொண்டு பிறக்கும் பிராணி! யாரிடம் கதை விடுகிறாள் அக்கா? பென்சிலை எடுத்து அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. அக்கா தன் மனதிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனது இந்த நீலப் பிராணி மட்டும்தானா?

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதி அலுவலகம் அது. டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, அதில் ஏறியவர்கள் யாரும் அடுத்த முறை ஏறியதில்லை. உள்ளே எட்டு மேசைகள், கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள், எப்போதும் லேசான ரப்பர் வாசனை. அங்கே சொற்களை முதல் எழுத்துகளை வைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரே மாதிரித் தொடங்கும் சொற்கள் எல்லாம் ஒருவர் பொறுப்பு. ஒன்றிரண்டு வருஷம் ஒரே எழுத்துகளோடு குடித்தனம் நடத்தினால் ஆளுக்கும் அதுவே பெயராகிவிடும். கியூ எழுத்தை வைத்திருந்தவரை வீட்டில் அவருடைய மனைவிகூட ‘கியூ’ என்றுதான் கூப்பிடுவாளாம். இவளிடம் இருந்தவை வி, இ, எல் என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் அபூர்வச் சொற்கள், மொத்தம் நாற்பத்து மூன்று. அதனால் இவள் ‘வெல்லம்’.

இவளுக்கு முன்னால் அந்த வரிசை, இதே அலுவலகத்தில் வேலை பார்த்த இவளுடைய அக்காவிடம் இருந்தது; இவள் அப்போது வேறு எழுத்தில் இருந்தாள். அக்காவை வெல்லம் என்று கூப்பிடும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

அந்த அலுவலகத்தில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவரும் தன் வரிசையில் ஒரே ஒரு பொய்ச்சொல்லை நுழைத்து வைப்பார்கள். அப்படி ஒரு சொல் உலகத்திலேயே கிடையாது, பொருளும் கற்பனை. வேறு யாராவது இந்த அகராதியைப் பார்த்து அப்படியே காப்பியடித்தால் அந்தச் சொல்லும் கூடவே போய்விடும், திருடன் மாட்டிக்கொள்வான். அதற்கு ‘பொறி’ என்று பெயர். எது பொறி என்று வைத்தவருக்குத் தெரியும். ஒட்டிய உறையில் எழுதித் தருவதால் ஆசிரியருக்கும் தெரியும். பழைய ஆசிரியர் ஓய்வு பெற்ற அன்று, ரகசியம் ரகசியமாகவே போகட்டும் என்று அத்தனை உறைகளையும் கிழித்துப் போட்டுவிட்டு, மாலையோடு ஆட்டோ ஏறிவிட்டார்.

அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கியூ வைத்த பொறி ஒரு பள்ளிக்கூடக் கேள்வித்தாளில் ‘பொருத்துக’ பகுதியில் வரும்வரை. இருநூறு பிள்ளைகள் அதைச் சரியாகப் பொருத்தி மதிப்பெண் வாங்கியிருந்தார்கள்.

புதிய ஆசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகாத, மெதுவாகப் பேசுகிற, நேர்மையான மனிதர். புதிய பதிப்பு பள்ளிகளுக்குப் போகப்போகிறது. இந்த மாதக் கடைசிக்குள் அவரவர் பொறியை அவரவரே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், எல்லாவற்றையும் நீக்கிவிடலாம் என்றார். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். வெல் வரிசை மட்டும் பாக்கி. பொறி வைத்தவள் இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து இறந்துபோனாள்.

“உங்க அக்காதானே மேடம், உங்களுக்குத் தெரியாதா?” என்று ஆசிரியர் கேட்டபோது இவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? அக்கா மருந்துச் சீட்டு எழுதுவதுபோலப் பேசுவாள். தேவையானது, அளவு, எத்தனை வேளை. அழுது யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் இல்லாத ஒன்றை உண்டாக்கினால் அது எப்படி இருக்கும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பொறியைத் தேடும் இந்த வேலையை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை. நாற்பத்து மூன்று சொற்களில் ஒன்றில்தான் அக்கா தன்னை மீறி எதையோ சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை.

“கிடைச்சிடுச்சு சார். வெலெல்லா” என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கியூ தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். “சாட்சி பாத்தியா வெல்லம்?”

“எதுக்கு? படிச்சாலே தெரியுது.”

“படிச்சாத் தெரியற மாதிரி பொறி வெச்சா எலி எப்படிம்மா வரும்? உங்க அக்கா என்ன, உன்ன மாதிரியா?”

எட்டு மேசையும் சிரித்தது.

அந்த அலுவலகத்தில் சாட்சி என்றால், அந்தச் சொல் அச்சில் வந்த மூன்று பழைய புத்தகங்கள்; அல்லது, அந்தப் பொருளைக் கையால் தொட்டுப் பழகிய தொழில்காரர் ஒருவர். இணையத்தில் தேடிப் பயனில்லை. இவர்களுடைய அகராதியைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் பொறிகளையும் சேர்த்து அங்கேதான் கொட்டி வைத்திருந்தார்கள்; பொய்யும் மெய்யும் ஒரே முகத்தோடு நின்றன. இவள் வேண்டாவெறுப்பாகக் கடல் ஆய்வு நிலையம் ஒன்றுக்கு எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் ஆய்வாளர் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு.

“அதைப் பொய்னு யாரு சொன்னா? நேர்ல வாங்களேன், ஒரு ஜாடி நிறைய வெச்சிருக்கேன்.”

போனாள். நீண்ட அறை, ஈரத் தரை, பழைய குளிர்பெட்டியின் உறுமல். ஆய்வாளர் ஜாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். உள்ளே நிறம் போன சிறிய தட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும், குறுக்காக, நகத்தைவிட மெல்லிய ஒரு பாய்.

“உயிரோட இருக்கும்போது நல்ல நீலம். காஞ்சா இப்படி ஆயிடும். சரி, இந்தப் பாயைப் பாருங்க. இதுக்கு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?”

“இடது பக்கம்.”

“இதுக்கு?”

“வலது.”

“அவ்ளோதான் விஷயம். ஒரே இனம், ஒரே கடல். சிலதுக்கு இப்படி, சிலதுக்கு அப்படி. ஒரே காத்துதான் அடிக்கும். இதைக் கரையில கொண்டுவந்து போட்டுடும், அதை உள்ள இழுத்துட்டுப் போயிடும். கரையில ஆயிரக்கணக்குல செத்துக் கிடக்கும்போது பாத்தீங்கன்னா, பெரும்பாலும் ஒரே பக்கம் சாஞ்ச பாயாத்தான் இருக்கும்.”

அவள் ஜாடியைக் கையில் வாங்கிக்கொண்டாள். இது இருந்திருக்கிறது. தான் பிறப்பதற்கு முன்பே, தான் பஸ்ஸுக்கு நின்ற காலைகளிலெல்லாம், தலைவலித் தைலம் தேடிய மத்தியானங்களிலெல்லாம், இது பாயை விரித்துக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்திருக்கிறது. தான் இதைப் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஆய்வாளர் விடவில்லை. “வரிசையில வெலிஜர்னு ஒண்ணு இருக்கணுமே உங்களுக்கு? வாங்க, அதையும் பாத்துட்டுப் போங்க” என்று நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தாள். கடல்நத்தையின் சிசு. இரண்டு பக்கமும் இறக்கைபோல இரண்டு மடல்கள்; அவற்றின் ஓரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் துடிதுடித்துத் தண்ணீரைத் தள்ளின. அது சுற்றியது, ஏறியது, இறங்கியது. பாறையோடு ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க ஒரு முழம் நகரும் அந்த மந்தப் பிராணி, குழந்தையாக இருந்தபோது பறந்திருக்கிறது!

மறுநாள் ஆசிரியரின் மேசையிலிருந்து தன் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “தப்பாச் சொல்லிட்டேன் சார். அது உண்மை.”

“என்ன வெல்லம், நத்தைக்கு இறக்கை இருக்குதாமே?” என்றார் கியூ.

“இருக்கு. உங்களுக்குத்தான் இல்ல.”

அதன்பிறகு அவளுக்குள் ஏதோ திறந்துகொண்டது. சாட்சி தேடுவது வேலையாகவே இல்லை. சனிக்கிழமை ஒன்றில் நகரத்தின் மறுகோடியில் இருந்த செடிப்பண்ணைக்குப் போனாள். ‘வெலாமென்: மரங்களில் தொற்றி வளரும் ஆர்க்கிட் செடிகளின் வெளிவேர்களைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற உறை.’ பண்ணைக்காரம்மா தொங்கிக்கொண்டிருந்த வெள்ளி நிற வேர் ஒன்றைப் பிடித்துக் காட்டினாள். “இது செத்துப்போன தோலும்மா. உள்ள ஒண்ணுமில்ல, வெறும் கூடு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் புட்டியால் இரண்டு தடவை பீய்ச்சினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளி, பச்சையாக மாறியது. உள்ளே இருந்து யாரோ விளக்கைப் போட்டதுபோல.

“செத்ததா இது?” என்றாள் இவள்.

“செத்ததுதான். அதனாலதானே இவ்ளோ தண்ணி பிடிக்குது. உயிரோட இருக்கறது தனக்கு வேணுங்கறதை மட்டும் குடிக்கும்.”

வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இமை துடித்தது. ‘வெல்லிகேஷன்’ என்று மனம் தானாகச் சொன்னது: சிறு தசை ஒன்று தனியாகத் துடித்து அடங்குதல். முன்கையில் வெயில் பட்டு மெல்லிய முடிகள் பொன்னாக எழுந்து நின்றன. ‘வெல்லஸ்’: உடம்பெங்கும் இருந்தும் கண்ணில் படாத பூமுடி. முன் இருக்கையில் கணவனும் மனைவியும் சாவியை யார் எடுத்து வைப்பது என்று பொரிந்துகொண்டிருந்தார்கள். ‘வெலிடேஷன்’: போர் என்று சொல்ல முடியாத சிறு மோதல். இத்தனை நாளும் இவை எல்லாம் சும்மா இருந்தன. யாரோ ஒருவர், எந்தக் காலத்திலோ, ஒரு துடிப்பின் முன் நின்று, இதற்கும் ஒரு பெயர் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பெயரை இன்னொருவர் எடுத்து அக்காவின் மேசைவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அக்கா அதைத் தமிழில் உட்கார வைத்திருக்கிறாள், ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

அவளைத் தூங்கவிடாமல் செய்த சொல் ‘வெலியிட்டி’. ‘கையைக் காலை அசைக்கும் அளவுக்கு வலுவில்லாத விருப்பம்.’ மூன்று புத்தகங்களில் சாட்சி கிடைத்தது. அதற்குத் தன்னையே நான்காவது சாட்சியாக எழுதியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அலுவலக மாடிப்படியில் இறங்கும்போது எதிரில் வரும் அக்காவை நிறுத்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ஐந்து வருஷம் நினைத்திருந்தாள். நினைத்தபடியே இறங்கிப் போயிருக்கிறாள்.

அந்தக் கேள்வி பழையது. ஏழு வருஷத்துக்கு முன்பு, ஆறாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனபோது, இவள் அக்காவின் வீட்டில் நான்கு மாதம் இருந்தாள். கணவனுக்கு ஊர் ஊராகப் போகும் வேலை. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். தூரத்து உறவினர்கள் தொலைபேசியில் அழுதார்கள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தினமும் மத்தியானம் ஒரு கூடைத் துணியோடு இவள் அறைக்கு வருவாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மடிப்பாள். அரைமணி, முக்கால் மணி. மடித்து முடித்ததும் எழுந்து போய்விடுவாள். அந்தத் துணிகளை இவள் வெறுத்தாள். ‘உனக்கு அன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?’ என்பதுதான் கேள்வி.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தபோது நாற்பத்திரண்டு சொற்களுக்குச் சாட்சி வந்துவிட்டது. நம்பவே முடியாது என்று அவள் வட்டம் போட்டவை அத்தனையும் உண்மை. மிச்சம் நின்றது, முதல் நாளே சந்தேகமில்லாமல் தாண்டிப் போன ஒரு சொல். ‘வெலாமோரா’. காற்றில்லாத கடலில் மாலுமிகள் காத்திருப்பது. அதில் என்ன அதிசயம்? எல்லாவற்றிலும் சாதாரணமானது அதுதான்.

கடலோரத்தில் படகுகளுக்குப் பாய் தைப்பவர் ஒருவரைத் தேடிப் போனாள். நீளமான கொட்டகையில், தரை முழுக்க விரித்த வெள்ளைப் பாயின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் தோல்பட்டை கட்டி ஊசியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்பா காலத்திலிருந்து இதே தொழில்.

“அப்படி ஒரு பேரு நான் கேட்டதில்லம்மா.”

“காத்து நின்னுபோனா மாலுமிங்க என்ன செய்வாங்க?”

“என்ன செய்வான்? பாயை விரிச்சபடியே விட்டுட்டுக் கயிறு முடைவான், கிழிசல் தைப்பான். வானத்தையே பாத்துட்டு உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும்ல. கையில வேலை இருக்கும், காது காத்துமேல இருக்கும்.”

“அப்போ விஷயம் உண்மை?”

“விஷயம் உண்மைதான். அதுக்கு எதுக்குப் பேரு? செய்யறவனுக்குத் தெரியும்.”

கடற்சொல் அகராதிகள் நான்கைப் புரட்டினாள். எதிலும் இல்லை. நூலகத்து மேசையில் தங்கள் அகராதியைத் திறந்து, இத்தனை நாள் முதல் வரியோடு விட்டிருந்த பதிவை முழுதாகப் படித்தாள். இரண்டாவது பொருள் சிறிய எழுத்தில் இருந்தது.

‘வெலாமோரா: 1. காற்று நின்ற கடலில், பாயை இறக்காமல், கயிறு முடைதல் போன்ற சிறு வேலைகளில் ஈடுபட்டபடி மாலுமிகள் காற்றுக்காகக் காத்திருத்தல். 2. உருவக வழக்காக: துயரத்தில் இருப்பவர் தாமாகப் பேசத் தொடங்கும்வரை, எதுவும் கேட்காமல், கையில் ஏதேனும் வேலையை வைத்துக்கொண்டு அவர் அருகில் இருத்தல்.’

பதிப்பு வெளியான வருஷத்தைப் பார்த்தாள். அக்கா வீட்டிலிருந்து அவள் திரும்பிப் போன அடுத்த வருஷம்.

எதிர்மேசைக்காரர் திரும்பிப் பார்த்தபோதுதான் தான் வாய்விட்டு ஏதோ சொல்லிவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

மாலையில் நேராக அக்காவின் வீட்டுக்குப் போனாள். அக்கா மகள் மட்டும் இருந்தாள். பல் மருத்துவம் படிக்கிறவள். யார் சிரித்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள்.

“என்ன சித்தி, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க? காபி போடட்டா?”

“வேணாம். உக்காரு. நான் இங்க இருந்தேனே, அப்ப உனக்கு என்ன வயசு?”

“பதினாறு. பத்தாவது முடிச்சிருந்தேன்.”

“உங்கம்மா தினமும் துணி எடுத்துட்டு என் ரூமுக்கு வருவாளே, ஞாபகம் இருக்கா? ஏன் அங்க வந்து மடிச்சா?”

“சித்தி, நிஜமாவே தெரியாதா? நான் தெரியும்னு நெனச்சேன்.”

“என்ன தெரியும்?”

“துணியெல்லாம் காலையிலயே நான்தானே மடிச்சு அடுக்குவேன். அம்மா மத்தியானம் எல்லாத்தையும் எடுத்து உதறிக் கூடையில போடுவாங்க. போட்டுட்டு உங்க ரூமுக்கு எடுத்துட்டு வருவாங்க. எனக்குச் செம கடுப்பா வரும். ‘ஏம்மா, உனக்கு மூளை கலங்கிடுச்சா?’ன்னு ஒருநாள் கத்திட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“‘வெறுங்கையோட போய் உக்காந்தா அவ பயந்துக்குவா, கேள்வி கேக்க வந்திருக்காளோன்னு’ அப்படின்னாங்க. அப்புறம், ‘உன் வேலையைப் பாரு’ன்னாங்க.”

இவள் சிரித்தாள். அக்காவின் குரல் அப்படியே இருந்தது அதில். சிரிப்பு எங்கே அழுகையானது என்று இருவருக்குமே தெரியவில்லை. அக்கா மகள் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நூறு மத்தியானங்கள் இருக்குமா? அதற்கும் மேலே இருக்குமா? ஒவ்வொரு மத்தியானமும் அக்கா மடித்ததைக் கலைத்து, கலைத்ததைச் சுமந்து, கால்மாட்டில் உட்கார்ந்து, இவள் வாயிலிருந்து ஒரு சொல் வரும் என்று காத்திருக்கிறாள். வராதபோது எழுந்து போயிருக்கிறாள். யாரிடமும் சொல்லத் தெரியாமல், உலகத்து மொழிகளில் எல்லாம் தேடிப் பார்த்து, இதற்கு ஒரு பெயர்கூட இல்லையே என்று கண்டு, தானே ஒன்றைச் செய்து, கடலுக்கும் ஆர்க்கிட் வேருக்கும் பக்கத்தில், அகர வரிசை பிசகாமல் வைத்திருக்கிறாள். எலி பிடிக்க வைத்ததாகத் தெரியவில்லை. இவள் கையில் அகராதி இருக்கும், என்றைக்காவது அந்தப் பக்கம் திரும்பும் என்று நினைத்தாளோ என்னவோ. அப்படியும் இருக்காது. அக்கா அவ்வளவு தூரம் ஆசைப்படுகிறவள் இல்லை.

பாய் உள்ள பிராணியை நம்ப முடியாதது போலத்தான் இதையும் அவளால் நம்ப முடியவில்லை. ஒரே வீட்டில், ஒரே அறையில், இரண்டு கஜ தூரத்தில் இவ்வளவு பெரிய ஒன்று நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் கண்ணுக்குத் துணிதான் தெரிந்தது.

மாதக் கடைசி நாள் காலை பதினோரு மணிக்கு ஆசிரியர் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கியூ தண்ணீர் குடிப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருங்க மேடம். கண்டுபிடிச்சீங்களா?”

“கண்டுபிடிச்சுட்டேன் சார்.”

அவர் முகம் மலர்ந்தது. “ரொம்ப நன்றி. உங்களை ரொம்ப அலைய வெச்சுட்டோம். எந்தச் சொல்?”

அவள் கண்ணாடித் தடுப்பின் பக்கம் பார்த்தாள். அவர் படிவத்தை எடுத்து அவள் முன் வைத்தார், பேனாவையும். “சரி, எழுதியே குடுத்துடுங்க. இன்னிக்குச் சாயந்திரம் அச்சுக்குப் போகுது. அதை மட்டும் எடுத்துட்டா முடிஞ்சிடும்.”

“அது இருக்கட்டும் சார்.”

“எது?”

“அந்தச் சொல்.”

ஆசிரியருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அவர் கோபப்படவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மேடம், உங்க அக்கா வெச்சதுன்னு உங்களுக்கு மனசு வரல, எனக்குப் புரியுது. ஆனா அகராதியில ஒரு பொய் இருக்குன்னு தெரிஞ்சே நான் எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறது? நீங்களே சொல்லுங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. இருபது வருஷமாக அவளும் இதையே சொல்லிக் கொண்டிருந்தவள்தான். ஒரு சொல் பொய் என்பதற்கும், அது சொல்கிற பொருள் பொய் என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அவரிடம் விளக்கலாம். விளக்கினால் அக்காவின் துணிக்கூடை இந்த மேசைமேல் வர வேண்டியிருக்கும். கியூ காதிலும் விழும். அக்கா அதை விரும்பமாட்டாள்.

“நீங்க சொல்றது சரிதான் சார்.”

“அப்போ?”

“நான் எழுதித் தர மாட்டேன்.”

“வேற யாரையாவது வெச்சுத் தேடச் சொல்லுவேன். நாற்பத்து மூணு சொல்லுதான். ஒரு வருஷம் ஆகட்டும், அடுத்த பதிப்புல எடுத்துடுவாங்க. இந்த வரிசை உங்ககிட்ட இருக்காது. வேற எழுத்துதான் குடுக்க முடியும்.” சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். “இப்படிச் சொல்ல எனக்கும் பிடிக்கல.”

ஒரு வருஷம். தேடுகிறவர் கடல் நிலையத்துக்குப் போவார். ஜாடியைத் தூக்கிப் பார்ப்பார். வேர் பச்சையாவதைப் பார்ப்பார். ஒவ்வொன்றாக நம்பக் கற்றுக்கொண்டு, கடைசியில் அந்தச் சிறிய எழுத்துக்கு வந்து சேர்வார். வந்து சேர்கிறவர் என்ன செய்வார் என்று இப்போதே எப்படித் தெரியும்?

“குடுங்க சார். எந்த எழுத்தா இருந்தாலும் சரி” என்றாள்.

“மேடம், ஒரே ஒரு வார்த்தைதானே.”

“ஆமா சார்” என்றாள் அவள். பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டு எழுந்தாள்.